கட்டற்ற மென்பொருளும் அரசுக் கணினிகளும்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்துப் பதினொரு வருடம் ஆகிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பக்கத்தில் வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்தில் நீட்டும் தாள் மலையாளம், ஜவுளி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் போவது பொள்ளாச்சி. அண்ணனுக்குக் கேரள ரேஷன் கார்டு இருக்கும், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கட்டிக்கொடுத்த தங்கைக்குத் தமிழ்நாட்டுக் கார்டு இருக்கும். ஒரு குடும்பத்தின் விவரம் இரண்டு அரசுகளின் கணினிகளில் கிடக்கிறது. லேப்டாப் பழுதைச் சொல்லி முடித்ததும் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவச மென்பொருளா?

பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் விஷயம் காசில் இல்லை. தோட்டத்து மோட்டார் காயில் எரிந்துபோனால் கழற்றி எந்த வைண்டிங் கடைக்கும் எடுத்துப் போகிறோம். வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் திறந்து பார்த்துச் சரிசெய்து தருகிறார். மூடியைத் திறந்தாலே குற்றம், விற்ற கம்பெனி ஆள் வந்தால்தான் உண்டு என்று ஒரு மோட்டாரை விற்றால் நம் ஊரில் யார் வாங்குவார்கள்? விலைக்கு வரும் மென்பொருளை நாம் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம். கட்டற்ற மென்பொருளில் மூலநிரல், அதாவது மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய அசல் வரிகள், நம் கைக்கு வரும். ஓட்டலாம், பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருளைக் கட்டற்றதாக உருவாக்க ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருநிரலை, அதாவது அப்படிப்பட்ட இயக்க மென்பொருளின் மையப் பகுதியை, வெளியிட்டார். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலும் அந்த லினக்ஸ்தான் ஓடுகிறது.

கேரளப் பள்ளிகளில் மட்டும் ஏன் லினக்ஸ் சொல்லித் தருகிறார்கள்? பொள்ளாச்சியில் படிக்கும் பையன் விண்டோஸ் படிக்கிறானே?

அதற்குப் பின்னால் ஒரு இயக்கம் இருக்கிறது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கினார்கள், ஸ்டால்மனும் வந்திருந்தார். அதே வருடம் கேரள அரசு பள்ளிகளுக்காக ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தை ஆரம்பித்தது. அரசுப் பணத்தில் ஒரு தனியார் கம்பெனியின் பொருளை மட்டும் ஏன் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்று ஆசிரியர்களும் கணினி ஆர்வலர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சில வருடங்களில் திட்டம் முழுக்க லினக்ஸுக்கு மாறியது. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதில்தான். 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது. 2018 முதல் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களும் நடக்கின்றன.

நான் இங்கே தமிழ்வழியில் படித்தவன். கணினி அறையில் பட்டியல் எல்லாம் மலையாளத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த எங்கள் வரிசையைப் பார்த்துவிட்டு டீச்சர் வந்து நின்றார். மொழி என்ற இடத்துக்குப் போய் ஏதோ மாற்றினார். வெளியேறி மறுபடி உள்ளே வந்தபோது திரையில் ‘கோப்பு’, ‘அமைப்புகள்’ என்று தமிழில் நின்றது. யாரோ முகம் தெரியாத தமிழர்கள் சம்பளம் வாங்காமல் மொழிபெயர்த்து வைத்தது அது என்று டீச்சர் சொன்னார். கடையில் இன்றைக்கும் புதிதாக லினக்ஸ் போடும் ஒவ்வொரு கணினியிலும் முதலில் அந்த மொழிப் பட்டியலைத்தான் காட்டுகிறேன்.

தமிழ்நாட்டில் கொடுத்த இலவச லேப்டாப்பிலும் லினக்ஸ் இருந்ததா?

இருந்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகளில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆனால் லினக்ஸைத் திறந்து காட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை. என்னிடம் பழுதுக்கு வந்தவற்றில் பாஸைத் திறந்தே பார்க்காத லேப்டாப்புகளே அதிகம். கேரளம் செய்தது ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றையும் ஒன்றாகக் கட்டியது. இரண்டு மாநிலங்களுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டதாமே? பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் மின்ட் போடுங்கள், 4 ஜி.பி. ரேம் இருந்தால் தாராளமாக ஓடும். முதலில் பென் டிரைவில் போட்டுச் சோதித்துப் பாருங்கள், லேப்டாப்பின் உள்ளே இருப்பது எதுவும் அழியாது. வைஃபை, பிரின்டர், சவுண்டு மூன்றும் வேலை செய்தால் மாற்றிக்கொள்ளலாம். கணக்கு எழுதும் டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், சில கைரேகைக் கருவிகள் இவை தேவைப்படுகிறவர்களுக்கு இன்னும் சிரமம் இருக்கிறது. கேரள அரசின் இணையச் சேவைகளைத் தரும் அக்ஷயா மையம் நடத்தும் நண்பர்களிடம் மாறச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை.

கிராக் போட்ட விண்டோஸ் இருக்கிறதே, அதற்கு என்ன குறை?

பூட்டு உடைத்துக் கொடுத்தவன் சாவி ஒன்றைத் தன் கையில் வைத்திருக்கிறானா என்று உங்களுக்குத் தெரியாது. அந்தக் கணினியில் பேங்க் கணக்கைத் திறக்காதீர்கள்.

மூலநிரல் எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே? அது ஆபத்து இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. 1883-லேயே அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசியக் குறியீடுகளைப் பற்றி எழுதும்போது இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கே தெரிந்தும் உங்கள் வீட்டுக் கதவு திறக்காமல் நிற்கிறது என்றால், அதுதான் நல்ல பூட்டு.

அதற்காகத் திறந்து வைத்தாலே பத்திரம் என்று சொல்ல மாட்டேன். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் உலகின் பெரும்பகுதி இணையத்தளங்களுக்குப் பூட்டாக இருந்தது. 2012 மார்ச்சில் வந்த பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்ற நிலையில் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2014 ஏப்ரலில்தான் வெளியே வந்தது, ஹார்ட்பிளீட் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு பேர் நம்பியிருந்த மென்பொருளைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

2024-இல் நடந்தது இன்னும் நுட்பமானது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார், அப்புறம் ரகசியமாக உள்ளே வர ஒரு பின்கதவை நுழைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ன்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை வினாடி எங்கே போகிறது என்று தோண்டிக்கொண்டே போய் மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். மூலநிரல் அவர் கையில் இருந்ததால் தோண்ட முடிந்தது. மூடிய மென்பொருளாக இருந்தால் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பார். எனக்கு நம்பிக்கை தருவது அந்த வித்தியாசம்தான்.

வைரஸ் வந்து பஞ்சாயத்துக் கணினிகள் பூட்டிக்கொண்டன என்றார்களே, அது என்ன?

2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் மாட்டின, நம் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் சில கணினிகள் மாட்டின. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, அடைத்துத் திருத்தம் வெளியிட்டிருந்தது. அந்தத் திருத்தத்தை ஏற்றாத கணினிகள்தான் விழுந்தன.

ஆனால் முதல் தவறு வேறு இடத்தில் நடந்தது. அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது அமெரிக்க அரசின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. சொல்லி அடைக்க வைக்காமல், தானே பயன்படுத்திக்கொள்ள ஒளித்து வைத்திருந்தது. அந்த ஆயுதம் திருடு போய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. வாஷிங்டன் பக்கத்தில் ஒளித்து வைத்த ஒன்று வயநாட்டில் குடிச்சான்றுக்கு வரிசையில் நின்ற ஆளைத் திருப்பி அனுப்பியது. அரசுகள் ஓட்டைகளைச் சேர்த்து வைக்கக்கூடாது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கலாமா, கூடாதா?

இதில் அரசே மக்களைக் குழப்பியது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம், ஆதார் நகலை எவரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று இரண்டே நாளில், மே 29 அன்று, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நல்ல அறிவுரையைத் திரும்பப் பெற்றதுதான் எனக்கு வருத்தம்.

ஏன் என்றால், போன வருடம் சந்தையில் கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்பக்கம் ஒரு பெண்ணின் ஆதார் நகல். படம் கறுத்துப்போயிருந்தது, ஆனால் பன்னிரண்டு எண்ணும், வீட்டு முகவரியும், கீழே நீல மையில் அவர் போட்ட கையெழுத்தும் தெளிவாக இருந்தன. எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கடலைக்காரர் எடைக்கு வாங்கிய பழைய தாள் அது. எந்த அலுவலகம் எடைக்குப் போட்டதோ, அவருக்கும் தெரியவில்லை. மீதித் தாள்களையும் அவரிடம் கேட்டு வாங்கி வந்து அடுப்பில் போட்டோம்.

ஆகவே மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழு நகல்தான் வேண்டும் என்றால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று படத்தின் மேல் படும்படி குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

அரசுத் தளங்களிலிருந்தே விவரம் வெளியானது என்பது உண்மையா?

உண்மை. 2017 மே மாதம் சிஐஎஸ் என்ற ஆய்வு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசுத் தளங்களில் மட்டும் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் எவரும் பார்க்கும்படி கிடந்தன என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். முதியோர் பென்ஷன் தளம், நம்மவர்கள் தொழிலுறப்பு என்று சொல்லும் நூறு நாள் வேலைத் திட்டத் தளம், இவற்றோடு ஆந்திர அரசின் இரண்டு தளங்களும் அதில் அடக்கம். நகரி, புத்தூர்ப் பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் அந்தத் தளங்களின் பயனாளிகள்தான். யாரும் பூட்டை உடைக்கவில்லை. அட்டவணையாகப் போட்டு, அலுவலகமே திறந்து வைத்திருந்தது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். தகவலை எப்படி எடுத்தீர்கள் என்று ஆதார் ஆணையம் ஆய்வு செய்தவர்களுக்கே கடிதம் எழுதியது. 2018 ஜனவரியில் டிரிப்யூன் நாளிதழின் நிருபர், 500 ரூபாய் கொடுத்தால் யாருடைய ஆதார் விவரத்தையும் பார்க்கும் வழி விற்பனையில் இருக்கிறது என்று எழுதினார். ஆணையத்தின் அதிகாரி கொடுத்த புகாரில் பதிவான முதல் தகவல் அறிக்கையில் அந்த நிருபரின் பெயரும் இருந்தது.

ஏன் எப்போதும் முதலில் ‘இல்லை’ என்றே சொல்கிறார்கள்?

கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 29 அன்று, அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளியுலகோடு இணைக்கப்படாதவை, இணையத் தாக்குதலுக்கே இடமில்லை என்று அங்கிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாக வலையில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு தெரிவித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. முந்தைய நாள் சொன்னதில் எழுத்துக்கு எழுத்து பொய் இல்லை. அணு உலைக்கு ஆபத்து இல்லை என்பது சரிதான். ஆனாலும் அக்கம்பக்கத்து இடிந்தகரைக்காரர் அடுத்த அறிக்கையை எப்படி நம்புவார்?

2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்கள் டெலிகிராமில், போன் எண்ணைக் கொடுத்தால் வந்து விழுந்தன. சுகாதார அமைச்சகம் முதலில் ஆதாரமற்ற, விஷமத்தனமான செய்தி என்றது. அதே மாதம் பீகாரில் ஒருவர் கைதானார்.

ஓட்டை எல்லா மென்பொருளிலும் வரும். எழுதுகிறவர்கள் மனிதர்கள். ஓட்டை இருந்ததற்காக நான் எந்த அரசின் மேலும் கோபப்படுவதில்லை. மறைத்த நாட்களில் எத்தனை பேருடைய பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாம், எத்தனை பேரை எச்சரித்திருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

நான் ஒரு அரசுத் தளத்தில் ஓட்டையைப் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

முதலில் ஒரு சம்பவம். பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் கடைக்கு வருவான். ஒரு உள்ளூர் அலுவலகத்தின் தளத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தான். முகவரிப் பட்டையின் கடைசியில் அவன் விண்ணப்ப எண் இருந்தது. தட்டும்போது கைதவறி கடைசி இலக்கம் மாறிவிட்டது. வேறு யாரோ ஒருவரின் சான்றிதழ், அப்பா பெயர், சாதி, ஆதார் எண் உட்பட, திரையில் வந்து நின்றது. நல்லெண்ணத்தோடு அலுவலகத்துக்குப் போன் செய்தான். ‘நம்பரை மாத்தினது நீதானே, போலீஸ்ல சொல்லட்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். வேர்த்துப்போய் என்னிடம் வந்தான். ‘அண்ணா, நான் தப்பு பண்ணிட்டேனா?’ என்றுதான் முதலில் கேட்டான்.

அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில், கெட்ட எண்ணத்தோடு அனுமதியில்லாமல் நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். எண்ணம் நல்லது என்று நிரூபிக்கும் வரை அலைச்சல் நமக்குத்தான். இருவரும் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதினோம். பெயர்களை அழித்த ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் சேர்த்து, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு மின்னஞ்சல் போட்டோம். ஐந்து வாரத்தில் ஓட்டை அடைபட்டது. அலுவலகத்திலிருந்து அவனுக்கு ஒரு நன்றிகூட வரவில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு முறை பார்த்ததோடு நிறுத்துங்கள், எத்தனை பேர் விவரம் வருகிறது என்று சோதிக்க வேண்டாம். அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் தவிர வேறு எதையும் சேமிக்காதீர்கள். அடைபடும் வரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அனுப்பிய மின்னஞ்சலை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

கொரோனா காலத்தில் ஸ்பிரிங்ளர் என்று கேரளத்தில் சண்டை நடந்ததே, அது எதற்கு?

2020-இல் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களின் உடல்நிலை விவரங்களை வார்டு அளவில் சேகரித்தார்கள். அந்த விவரங்கள் ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தளத்துக்குப் போயின. ஒப்பந்தத்தைச் சட்டத் துறை பார்க்கவில்லை. தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றம் என்று அதில் எழுதியிருந்தது. ஏப்ரல் 24 அன்று கேரள உயர் நீதிமன்றம், ஆள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றிய பிறகே நிறுவனம் பார்க்கலாம், மக்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. பிறகு விவரங்கள் அரசின் சி-டிட் அமைப்பின் கட்டுப்பாட்டுக்கு வந்தன.

பள்ளிக்கூடத்தில் லினக்ஸ் கற்றுத்தந்த அதே அரசு இது. அவசரம் என்றதும் கற்றுத்தந்ததை மறந்துவிட்டது. அந்த மே மாதம் வாளையார் செக்போஸ்டில், ஊரடங்கில் எல்லை தாண்டும் பாஸ் கிடைக்காமல் வெயிலில் நின்றவர்களுக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. ஒரு மாநிலத்தின் கணினியில் பாஸ் வந்து, இன்னொரு மாநிலத்தின் கணினியில் வராமல் நின்றார்கள்.

மத்திய அரசின் ஆரோக்ய சேது செயலியிலும் இதே கதைதான். 2020 ஏப்ரல் 2-இல் வந்தது. கோடிக்கணக்கானவர்கள் ஏற்றிய பிறகு மே 26-இல்தான் ஆண்ட்ராய்டு மூலநிரலைத் திறந்தார்கள். வரும்போதே திறந்திருந்தால் பாதிச் சந்தேகம் எழுந்திருக்காது.

ரேஷன் கடையில் கைரேகை விழாததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாதுகாப்பு என்றால் திருடனைத் தடுப்பது மட்டுமில்லை, உரிமைக்காரருக்குக் கிடைப்பதும்தான். எங்கள் தெருவில் ஒரு பாட்டி. ஐம்பது வருடம் கடலை பறித்த கை. ரேஷன் கடையின் இ-போஸ் கைரேகைக் கருவியில் பெருவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்து வைப்பார், சிவப்பு. தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார், சிவப்பு. விரலில் ரேகையே இல்லை, வழவழவென்று இருக்கிறது. போனுக்கு ஓடிபி வரும் வழி உண்டு, ஆனால் அந்த எண் கோயமுத்தூரில் வேலை செய்யும் பேரனுடையது. அவன் எடுக்கும் வரை அரிசி இல்லை. 2024 மார்ச்சில் கார்டில் உள்ளவர்களின் கைரேகையைச் சரிபார்க்கும் மஸ்டரிங் நடந்தபோது சர்வரே தாங்காமல் பாதியில் நிறுத்தினார்கள். கருவி தோற்றால் கையால் எழுதிக் கொடுக்கும் வழி ஒவ்வொரு கடையிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கைரேகையை வைத்துப் பேங்கில் பணம் எடுத்துவிடுவார்களாமே?

ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் சிறு மையங்களில் பணம் எடுக்கும் முறை இருக்கிறது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை அச்செடுத்து மோசடி செய்த வழக்குகள் தெலங்கானாவில் வந்திருக்கின்றன. ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக் பூட்டு இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பூட்டிய பிறகு ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது. போவதற்கு முன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் தளம் நம்பகமானதா?

வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. அதற்குச் சான்று கொடுப்பவர்களே தவறினால் அதுவும் இல்லை. 2014 ஜூலையில் கூகுளின் பெயரில் போலிச் சான்றுகள் உலவின. கொடுத்தது நம் மத்திய அரசின் தேசியத் தகவல் மையமான என்ஐசியின் சான்று அமைப்பு. விண்டோஸ் அவற்றை நம்பியது. ஃபயர்பாக்ஸ் தன் சொந்த நம்பிக்கைப் பட்டியலை வைத்திருந்ததால் ஏமாறவில்லை.

வாக்கு இயந்திரத்தின் மூலநிரலையும் திறக்க வேண்டுமா?

அந்த இயந்திரம் முதன்முதலில் வந்ததே கேரளத்தில்தான். 1982-இல் பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-இல், இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லி அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னார்கள். அப்புறம்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். முதலில் இயந்திரம், பிறகு சட்டம் என்ற வரிசை அன்றே தொடங்கிவிட்டது.

இயந்திரத்தில் மோசடி நடந்தது என்று நான் சொல்லவில்லை. 2010-இல் ஹரி பிரசாத் என்ற ஹைதராபாத் பொறியாளரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஒரு இயந்திரத்தைப் பிரித்து, இப்படியெல்லாம் ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைக் கைது செய்தார்கள். பிறகு வாக்குச் சீட்டை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் வந்தது. அது நல்ல முன்னேற்றம். நிரலைப் படிக்கத் தெரியாத என் அம்மாவும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிகிறதே. நிரலும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

அரசு முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. மத்திய அரசு 2015-லேயே, திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் என்று கொள்கை வெளியிட்டுவிட்டது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. கொள்கையும் பணமும் மட்டும் போதாது, வேலை தெரிந்த ஆட்களைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். கேரள மின்வாரியம் ஒருமா என்ற பில்லிங் மென்பொருளைத் தன் ஊழியர்களை வைத்தே கட்டற்ற கருவிகளில் எழுதியது. அது நிற்பதற்குக் காரணம் அந்த ஊழியர்கள்.

தப்பான பக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. 1990-களின் கடைசியில் பணப் பரிமாற்றத்துக்குத் தன் சொந்தக் குறியீட்டு முறையைக் கட்டாயமாக்கியது. அது ஆக்டிவ்எக்ஸ் மூலம்தான் ஓடும், ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும். பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் ஒரு நாட்டையே பல வருடம் ஒரு பழைய உலாவியில் கட்டிப்போட்டது.

தமிழில் தட்டச்சு செய்த அரசுக் கோப்பு என் கணினியில் கிறுக்கலாகத் தெரிகிறதே?

யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் அடித்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்ட பிறகும் பழைய பழக்கம் போகவில்லை. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. நல்ல எழுத்துரு வேண்டும் என்றால் மீரா இனிமை போட்டுப் பாருங்கள். அதை உருவாக்கியது சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளிகளின் குழு. தமிழுக்காக அவர்கள் செய்து இலவசமாகக் கொடுத்தது. இந்த எல்லையில் வளர்ந்த எனக்கு அந்த எழுத்துருவில் எழுதும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இந்தப் பக்கத்தையும் அதில்தான் அடித்தேன்.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது?

தமிழில் படிக்கக் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதுகிறார்கள். கேட்டுக் கற்க ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு வாருங்கள், கட்டணம் இல்லை. ஓட்டையைக் கண்டுபிடித்த அந்தப் பாலிடெக்னிக் தம்பிதான் இப்போது பாடம் எடுக்கிறான். 4 ஜி.பி.க்குக் குறையாத பென் டிரைவ் ஒன்று கொண்டு வாருங்கள், அதில் இருப்பதை முன்கூட்டியே வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.